ஆவணி, புரட்டாசியில் ஐந்து ஈத்து: பாலக்கோடு பகுதிப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் ஒரு சிற்றூர். மானாவாரியில் கேழ்வரகும் கடலையும், கிணற்றில் தண்ணீர் நிற்கும் வரை தக்காளியும் என்று ஓடும் பூமி. அங்கே இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மாட்டுக்கொட்டகையில் ஒரு பருவத்தில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்ததால் பெரும்பகுதியை நேரில் பார்த்தேன். நான் அங்கு இல்லாத நேரத்தில் நடந்ததை வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். ஆட்களுக்கும் ஊருக்கும் பெயர் தரவில்லை.

கொட்டகையில் 7 உருப்படி. ஐந்து எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, இரண்டு ஜெர்சி கலப்பு. கறவை நன்றாக இருக்கும் மாதங்களில் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் வரை பால் ஊற்றும் வீடு. மாடுகளைப் பார்ப்பது மனைவி. தீவனம் வெட்டுவது, கறப்பது, சாணி அள்ளுவது, சங்கத்துக்குக் கேன் தூக்குவது எல்லாம் அவரே. கணவருக்கு ஓசூரில் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை; கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். மாமியாருக்கு எழுபதை நெருங்கும் வயது. நாட்டுமாடு வைத்துப் பழகியவர். மாடு வாங்குவது, விற்பது, சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) ஆள் கூப்பிடுவது, மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் கணவர் முடிவு. கூப்பிட்டால் செலவு, செலவு அவர் பையிலிருந்து என்பதால் அப்படி ஒரு வழக்கம் தானாக அமைந்துவிட்டது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

நம் பக்கத்தில் மாடு ஈனுவதற்கென்று தனிப் பருவம் கிடையாது. ஆனால் முந்தைய ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்து, காய்ந்த தட்டையே தின்றுகொண்டிருந்த மாடுகள் பச்சையைக் கண்டதும் கார்த்திகை, மார்கழிக்குள் ஐந்தும் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வந்தன. சினை ஊசி போட்டதும் சினை பிடித்தது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் என்பதால் ஐந்து ஈத்தும் ஆவணி, புரட்டாசியில் வந்து குவிந்தன. பால் வருமானத்துக்கு இது கொண்டாட்டம். ஒற்றை ஆள் பார்க்கும் கொட்டகைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முதல் ஈத்து: ஈன்ற மறுநாள் படுத்த மாடு

ஆவணி இரண்டாம் வாரம். காரிமங்கலம் சந்தையில் வாங்கிய எச்.எஃப். கலப்பு மாடு, அதற்கு இது நான்காம் ஈத்து, முந்தைய கறவையில் 18 லிட்டர் கொடுத்தது. மதியம் ஒரு மணி வாக்கில் யார் உதவியும் இல்லாமல் கிடேரிக் கன்று போட்டது.

நஞ்சுக்கொடி விழவில்லை. இளங்கொடி விழும் வரை கன்றை மடியில் விடக் கூடாது, பாலும் கறக்கக் கூடாது என்பது மாமியாரின் உறுதியான எண்ணம். இந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தப் பக்கம் பாதி ஊர் அப்படித்தான் செய்கிறது. இரவு ஒன்பது வரை கன்று தாயின் எட்டாத தூரத்தில் கட்டியே கிடந்தது. மடி கல்லாக இறுகியதைப் பார்த்து மனைவி கணவருக்குப் போன் செய்ய, முழுசாகக் கறந்துவிடச் சொன்னார். கடைசிச் சொட்டு வரை கறந்தார்கள். கன்றுக்கு ஒரு பாட்டில் சீம்பால் போனது. மிச்சம் அக்கம்பக்கம் பங்கிடப்பட்டது.

விடியற்காலை மாடு எழவில்லை. நான் போனபோது கழுத்தை வளைத்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துப் படுத்திருந்தது. காது சில்லென்று இருந்தது, மூக்கு வறண்டிருந்தது, வயிறு அசையவில்லை, உடல் வெப்பம் இயல்புக்கும் கீழே. பின்னால் நஞ்சுக்கொடி தொங்கியது. யாரோ அதில் ஒரு பழைய செருப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

மாட்டுக்கு வந்திருந்தது பால் சுரம். பெயர் அப்படி இருந்தாலும் இதில் சுரம் கிடையாது. ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்குவதுதான் நோய். கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினோம். அவசரப்பட்டால் இதயம் நின்றுவிடும். பாட்டில் பாதி இறங்கும்போதே தொடைச் சதை நடுங்கியது, ஒரு ஏப்பம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கின் மேல் வியர்வை முத்து முத்தாக அரும்பியது; பிறகு சாணி போட்டது. அந்தச் சாணியைப் பார்த்தால் மாடு எழும் என்று நம்பலாம். அரை மணி கழித்து எழுந்து நின்றது. மறுபடி விழாமல் இருக்கத் தோலுக்கு அடியிலும் மருந்து போடப்பட்டது. இரண்டு மூன்று நாளைக்கு மடியை முழுதாகக் காலி செய்ய வேண்டாம், கன்று குடிக்கும் அளவும் மடி இறுக்கம் தளரும் அளவும் கறந்தால் போதும் என்று சொல்லப்பட்டது.

நஞ்சுக்கொடியைக் கையால் பிரித்து எடுக்கவில்லை. வீட்டாருக்கு இதில் திருப்தி இல்லை. வந்த வேலையை முழுசாக முடிக்காமல் போகிறேன் என்று நினைத்தார்கள். கருப்பைச் சுவரில் குமிழ் குமிழாக ஒட்டியிருப்பதைப் பிடுங்கினால் உள்ளே புண்ணாகும், ரத்தம் கசியும், கிருமி ஏறும், அடுத்த சினை தள்ளிப்போகும். கால்சியம் குறைந்த மாட்டுக்குக் கருப்பையும் சுருங்காது. கொடி நின்றதற்கு அதுவும் காரணம். செருப்பை அவிழ்த்தோம். இழுபடும் பாரத்தால் கருப்பையே வெளியே வந்துவிடலாம். தரையில் புரளும் நீளத்தை மட்டும் வெட்டிவிட்டு, காலை மாலை வெப்பம் பார்க்கச் சொல்லி ஒரு வெப்பமானியைக் கொடுத்தேன். வெண்டைக்காயை வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று மாமியார் கேட்டார். கொடுக்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் 104 டிகிரி காய்ச்சல் வந்ததும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி தொடங்கினோம். ஐந்தாம் நாள் கொடி துண்டு துண்டாக விழுந்தது. ஊசி முடிந்தும் சில நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றவில்லை.

கன்றுக்கு ஒரு வாரத்தில் கழிச்சல் பிடித்தது. பிறந்த கன்றின் குடல், சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளை அப்படியே ரத்தத்துக்குள் விடும் வாசல். அந்த வாசல் மணிக்கு மணி மூடிக்கொண்டு வந்து ஒரு நாளில் அடைந்துவிடும். இந்தக் கன்றுக்கு எட்டு மணி நேரம் வீணானது. தவிர, கன்று முட்டிக் குடிப்பது கருப்பை சுருங்கிக் கொடி விழ உதவும். கொடிக்காகக் கன்றைக் கட்டிவைத்தது கொடி விழும் வழியையும் அடைத்துவிட்டது. கன்று தேறியது, ஆனால் வளர்ச்சியில் பின்தங்கியது.

கொட்டகையைச் சுற்றிப் பார்த்ததில்

அடுத்து நான்கு மாடு ஈன இருந்ததால், மாடு எழுந்த அன்றே தீவனத்தையும் இடத்தையும் பார்த்தோம்.

பால் வற்ற வைத்த நாளிலிருந்து அந்த மாட்டுக்குத் தினமும் கால்சியம் டானிக் ஊற்றியிருந்தார்கள். கூடவே கால்சியம் மிகுந்த பயறுவகைத் தீவனமான வேலிமசாலும் தாராளம். கன்று போட்டால் கால்சியம் குறையும் என்று முன்கூட்டியே சேமித்துவைக்கும் எண்ணம். உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சினையின் கடைசி வாரங்களில் தீவனத்தில் கால்சியம் கொட்டிக் கிடந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்திவைக்கும். ஈன்ற அன்று மடி ஒரேயடியாகக் கேட்கும்போது அந்த வேலையை மறுபடி தொடங்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மாடு விழும். வயது ஏறிய, அதிகம் கறக்கும் மாட்டுக்கு இடைவெளி இன்னும் நீளம். கோ-4 புல்லுக்குச் சாணிக்குழித் தண்ணீரையே பாய்ச்சியிருந்தார்கள். அப்படி வளரும் புல்லில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்து இதே கோளாறைக் கூட்டும். டானிக்கை ஈன்ற பிறகுக்கு ஒத்திவைப்பது, சினை மாடுகளுக்கு வேலிமசாலை நிறுத்தி ராகித் தட்டும் சோளத்தட்டும் கூட்டுவது, ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுக ஏற்றுவது என்று முடிவானது. இவை மூன்றையும் மனைவி அன்றே தொடங்கிவிட்டார்.

ஊசி போட்ட தேதி எங்கும் எழுதியிருக்கவில்லை. சினை ஊசிச் சீட்டுகள் சார்ப்பின் ஓட்டு இடுக்கில் செருகியிருந்தன; ஒன்றை எலி கடித்திருந்தது. கிடைத்த தேதிகளோடு 280 நாளைக் கூட்டித் தினசரிக் காலண்டரில் குறித்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு ஜெர்சி கலப்பில் ஒன்று தலைச்சன் கிடேரி, சின்ன உடம்பு. அதற்கு எச்.எஃப். விந்து போட்டிருந்தார்கள். பிறக்கும் கன்று அதிகம் கறக்கும் என்ற ஆசை. ஊசி போட்டபோது கிடேரி 200 கிலோ தேறியிருக்காது. கலப்பினக் கிடேரிக்கு 250 கிலோ அளவில் போடுவதுதான் வழக்கம். இனி அதை மாற்ற முடியாது, கவனமாக இருக்கத்தான் முடியும்.

எப்போது கூப்பிட வேண்டும் என்பதற்கு மூன்று கெடு சொல்லப்பட்டது. நிலைகொள்ளாமல் தவிக்கத் தொடங்கி ஆறு மணி நேரமாகியும் தண்ணீர்க்குடம் வரவில்லை என்றால். குடம் உடைந்து ஒரு மணி நேரத்தில் ஒன்றும் முன்னேறவில்லை என்றால். தலைச்சனாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலோடு மூக்கு தட்டுப்படவில்லை என்றால், உடனே. மனைவி அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் ஈத்து ஒரு வாரம் கழித்துச் சுகமாக நடந்தது. கன்று ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தது. மாமியார் முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை.

கிடேரியின் இரவு

புரட்டாசி முதல் வாரம். அன்று கணவருக்கு இரவு ஷிப்ட்.

மாலை ஐந்துக்குக் கிடேரி தீவனத்தை விட்டது. வாலடியில் இரு பக்கமும் குழி விழுந்திருந்தது. 9.15க்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. பத்து மணிக்கு இரண்டு குளம்பு தெரிந்தது. மனைவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கால் வழியாக முழங்கால் வரை தடவிப் பார்த்திருக்கிறார். மூக்கு அங்கே இல்லை. 10.05க்குக் கணவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி இரண்டு தரம். அந்த ஆலையில் வேலைக்குள் போகுமுன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

10.30க்கு மாமியார் சொல்லிப் பக்கத்துக் காட்டுப் பெரியவர் வந்தார். ஊரில் எத்தனையோ கன்றை உயிரோடு எடுத்துக் கொடுத்தவர். அவர் கைராசியை நானே கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு காலிலும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. யாரோ ஒருவரைக் கூப்பிட்டு 11.15க்கு, முக்கலைத் தூண்டும் 'வலி ஊசி' போட்டார்கள். பிறகு நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கிடேரி கத்திக் கீழே விழுந்தது. கால்கள் ஒரு முழம் வெளியே வந்து அதோடு நின்றுவிட்டன.

1.30க்கு இடைவேளையில் போனைப் பார்த்த கணவர் வீட்டுக்குப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது 2.20.

"ரெண்டு காலும் வந்துருச்சே சார், அப்புறம் ஏன் வரலை?" என்று பெரியவர் கேட்டார். கேள்வியில் வீம்பு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் கையைக் கழுவி உள்ளே விடச் சொல்லிக் காட்டினேன். வந்திருப்பது முன்னங்கால்தான்: குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்க்கிறது, முதல் மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்குகின்றன. பின்னங்காலாக இருந்தால் இரண்டு மூட்டும் எதிரெதிராக மடங்கும். காலுக்கு மேலே நடுவில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தின் வளைவு மட்டும் தட்டுப்பட்டது. தலை இடப்பக்கமாகத் திரும்பி விலாவோடு ஒட்டியிருந்தது. இழுக்க இழுக்கக் கழுத்து இன்னும் மடங்குமே தவிர கன்று வராது. அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, "அட ராமா" என்றதோடு சரி.

கன்றின் காலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்ளவில்லை. வாயில் விரல் விட்டால் நாக்கு அசையவில்லை, கண்ணைத் தொட்டாலும் சிமிட்டவில்லை. கன்று இறந்திருந்தது.

முடிவெடுக்க இருந்த வழிகள் மூன்று. வயிற்றைக் கிழித்து எடுப்பது: கன்று உயிரோடு இல்லை, கிடேரி களைத்துவிட்டது, கொட்டகை வெளிச்சமோ ஒற்றை பல்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் ஏற்றுவது: 100 கிலோமீட்டருக்கு மேல், நிற்க முடியாத மாட்டோடு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இரவுப் பயணம், சேரும்போது கருப்பை எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, அங்கேயே தலையைத் திருப்பிப் பார்ப்பது. தலை கைக்கு எட்டியது, கருப்பை கிழிந்திருக்கவில்லை. அதையே தேர்ந்தோம். அரை மணியில் முடியாவிட்டால் கன்றை உள்ளேயே துண்டித்து எடுப்பது என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது.

வாலடியில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் முக்கல் நின்றது. முக்கும்போது உள்ளே தள்ள முடியாது. இந்த ஊசி இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது. வலி ஊசியின் வேகத்தில் கருப்பை கன்றைச் சுற்றி உறைபோல் இறுகியிருந்தது. வழவழப்புக்கு வைத்திருந்த திரவ பாரஃபின் போதாமல் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயையும் ஊற்றினோம். காலில் கட்டிய கயிற்றை விடாமல் கன்றின் மார்பை உள்ளே தள்ளினால்தான் தலை திரும்ப இடம் கிடைக்கும். இழுத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு இது புரிய நேரமாகியது: வெளியே எடுக்க முதலில் உள்ளே தள்ள வேண்டும். கண்குழியில் விரலைக் கொடுத்துத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கீழ்த்தாடையைக் கைக்குள் பொத்திப் பல் கருப்பையைக் கீறாமல் திருப்பி, காதுக்குப் பின்னால் கயிற்றுச் சுருக்கைப் போட்டதும் மீதி எளிது. இரண்டே பேர், ஒரு காலை மாற்றி ஒரு காலாக, நேர் பின்னால் இழுக்காமல் மாட்டின் முழங்கால் பக்கம் கீழ்நோக்கி இழுத்தார்கள். காளைக் கன்று, தாயின் உடம்புக்குப் பெரிது. ஆனால் தலை நேராக இருந்து, பொறுமையாக இழுத்திருந்தால் உயிரோடு வரும் அளவுதான்.

உள்ளே கிழிசல் உண்டா, இரண்டாவது கன்று உண்டா என்று பார்த்துவிட்டு, வலி நீக்கியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்தோம். கிடேரி எழவில்லை. பின்னங்கால்கள் இரு பக்கமும் அகன்று சறுக்கின. இடுப்பெலும்புக்குள் நரம்பு நசுங்கியதன் விளைவு.

விடிந்த பிறகு

கம்பெனி பஸ்ஸில் ஏழரைக்கு வந்து இறங்கிய கணவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டரை முன்னாடியே ஏன் கூப்பிடலை?"

"பத்து மணிக்கே உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க சொல்லாம எப்படிக் கூப்பிடறது? போன தரம் நானா கூப்பிட்டதுக்கு என்ன சொன்னீங்க?"

போன தரம் என்பது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மடிநோய்க்கு. வந்த செலவைப் பார்த்து, அவசரப்பட்டுவிட்டாய் என்று ஒரு வாரம் சொல்லிக்காட்டியிருக்கிறார். கணவர் பதில் பேசவில்லை.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது இந்த இடம் என்பது என் கருத்து. கால்நடை வளர்ப்புப் பயிற்சிகளில் விவசாயிக்கு விவரம் தெரியாததால் கன்று சாகிறது என்று பேசுகிறோம். இங்கே விவரம் தெரிந்திருந்தது. மூக்கு இல்லை என்று பத்து மணிக்கே கை வைத்துச் சொல்லிவிட்டார். அவருக்கு இல்லாதது கூப்பிடும் உரிமை. அனுமதிக்காகக் காத்திருந்த மூன்றரை மணி நேரம் சும்மாவும் கழியவில்லை. ஊசியும் கயிறும் நான்கு ஆளும் வந்து சேர்ந்தார்கள். பெரியவரைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. காசு கேட்காமல் வரக்கூடிய ஒரே ஆள் அவர், அதனால்தான் அனுமதியில்லாமல் கூப்பிட முடிந்த ஒரே ஆளும் அவர்.

கிடேரியைக் கயிறு கட்டிச் சாரத்தில் தூக்கி நிறுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். சிமென்ட் தரையிலிருந்து தார்ப்பாயில் போட்டு இழுத்துக்கொண்டு போய்ப் புளிய மரத்தடி மண்ணில், ஒரு அடி உயரத்துக்கு ராகித் தட்டு பரப்பிப் படுக்க வைத்தோம். பின்னங்கால் இரண்டும் ஒரு முழத்துக்கு மேல் அகலாதபடி துணிக்கயிற்றால் தளர்வாகப் பிணைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது மனைவியும் மாமியாரும் ஏற்ற வேலை. இரவிலும் செய்தார்கள். நான்காம் நாள் காலை தானாக எழுந்து, தள்ளாடி, தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. மருந்துக்கு இதில் பங்கு உண்டு. அந்த மண்ணுக்கும் பக்கம் மாற்றியதற்கும் அதைவிடப் பெரிய பங்கு.

அந்த வாரத்தில் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பால் பணத்திலிருந்து ரூ. 3,000 ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக இருக்கும். கெடு தாண்டினால் மனைவி யாரையும் கேட்காமல் கூப்பிடலாம். செலவைப் பற்றிப் பிறகு பேச்சு வரக் கூடாது. மாமியார் முன்னிலையில் கணவரே இதைச் சொன்னார். யோசனை என்னுடையது இல்லை, மனைவியுடையது. டப்பாவும் அவர் எடுத்துவைத்ததுதான்.

ஐந்தாம் ஈத்து: கருப்பை முறுக்கு

நான்காம் ஈத்தில் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவதாக ஈன இருந்தது ஓர் எச்.எஃப். கலப்பு, அதற்கு மூன்றாம் ஈத்து; புரட்டாசி மூன்றாம் வாரம்.

காலை ஐந்தரையிலிருந்து மாடு எழுவதும் படுப்பதுமாக வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தது. மடி விட்டிருந்தது, குழி விழுந்திருந்தது, ஆனால் குடம் வரவில்லை. 11.30க்கு மனைவி என்னைக் கூப்பிட்டார். இரவு ஷிப்ட் முடித்து வந்த கணவர் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியது என்னிடம் பேசி முடித்த பிறகு.

பிறப்புவாயின் ஒரு பக்க உதடு உள்ளே இழுபட்டதுபோல் இருந்தது. கையை விட்டால் வழி நேராகப் போகவில்லை. சுவர் மடிப்பு மடிப்பாக வலப்பக்கம் திருகிக்கொண்டு போனது. கருப்பை தன் அச்சிலேயே சுழன்றிருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு முக்கினாலும் குடம் வராது. நேரம் ஆக ஆக ரத்த ஓட்டம் தடைபட்டுக் கன்றும் சாகும், கருப்பையும் அழுகும். கன்று கருப்பையின் ஒரு கொம்பில் (கிளையில்) மட்டும் வளர்வதால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மாடு எழும்போதோ சறுக்கும்போதோ சுழன்றுவிடலாம். இதற்கு வீட்டார் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டகைக்குப் பின்னால் கடலை பிடுங்கிய நிலம் மெத்தென்று கிடந்தது. கயிற்றால் மாட்டைப் பதமாகச் சாய்த்து, முறுக்கு இருக்கும் வலப்பக்கமே கீழாகப் படுக்க வைத்தோம். பரணிலிருந்து இறக்கிய பத்தடிப் பலகையின் ஒரு முனை தரையில், நடுப்பகுதி வயிற்றின் மேல். கீழ்முனைப் பக்கம் கணவர் ஏறி நின்றார். முன்னங்கால்களை ஒரு கயிற்றிலும் பின்னங்கால்களை இன்னொன்றிலும் பிணைத்து, பெரியவரும் இன்னும் மூன்று பேரும் மாட்டை முதுகு வழியாக மெதுவாக மறுபக்கம் புரட்டினார்கள். முறுக்கைப் பிரிக்க எதிர்ப்பக்கம்தானே உருட்ட வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். முறுக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே உருட்ட வேண்டும்: பலகை கருப்பையை அசையாமல் பிடித்துக்கொள்ள, உடம்பு சுழன்று வந்து அதை எட்டிப் பிடிக்கிறது.

முதல் உருட்டில் மடிப்பு தளர்ந்தது, விடுபடவில்லை. இரண்டாவதில் கை உள்ளே நேராகப் போனது, கூடவே தேங்கியிருந்த நீர் முழங்கை வழியாகக் கொட்டியது. கருப்பை வாய் நன்றாகத் திறக்க ஒரு மணி நேரம் விட்டுப் பொறுத்தோம். அடுத்து இரண்டு காலும் மூக்கும் ஒழுங்காக வந்தன. லேசான இழுப்பில் கிடேரிக் கன்று விழுந்தது. மூச்சு வாங்கத் தயங்கியது. மூக்கில் வைக்கோல் குச்சியை விட்டதும் தும்மியது. தொப்புளுக்கு அயோடின் தடவியது மாமியார். அரை மணியில் கன்றை மடியில் விட்டதும் அவரே. நஞ்சுக்கொடி இரவு ஏழுக்குள் விழுந்தது. அதை வழக்கப்படி சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டார்கள். அதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை.

பிறகு மாறியதும் மாறாததும்

ஐந்து ஈத்தில் நான்கு கன்று தங்கின. பால் சுரம் வந்த மாடு எதிர்பார்த்ததில் முக்கால் பங்கு கறந்தது. கருப்பைப் புண் ஆறி மறுபடி சினை பிடிக்கத் தாமதமானது. டானிக்கை நிறுத்திய பிறகு அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் வேறு எந்த மாடும் படுக்கவில்லை. நான்கைந்து மாட்டை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கொட்டகையின் ஒரு மூலையில் சிமென்ட் போடாமல் மணல் பரப்பி ஈனும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கொதிநீரில் போட்டு எடுக்கும் இரண்டு பருத்திக் கயிறு, டார்ச், அயோடின், எண்ணெய் பாட்டில் ஒரு வாளியில் தயாராக இருக்கின்றன. கிடேரிகளுக்கு இனி ஜெர்சி விந்து மட்டுமே. பெண் கன்றுக்கெனப் பிரித்த விந்து கிடைத்தால் இன்னும் நல்லது. கிடேரிக் கன்று உருவத்தில் சிறிது. சுவரில் கால்நடை அவசர ஊர்திக்கான 1962 உட்பட மூன்று எண் எழுதியிருக்கிறது. இரவுக்கு இன்னும் உறுதியான வழி இல்லை. அவசர ஊர்தி வேறு ஊரில் இருக்கலாம், மருத்துவர் ஊரில் இல்லாமல் போகலாம். அதற்காகப் பெரியவரிடம் ஒரு ஒப்பந்தம்: அவரைக் கூப்பிட்டால் வருவார், தடவிப் பார்ப்பார், மூக்கு தட்டுப்படாவிட்டால் கயிற்றைத் தொட மாட்டார். அதன் பிறகு வேறு இரண்டு வீட்டில் அவரே போன் போடச் சொல்லியிருக்கிறார். வலி ஊசி போட வருபவர் ஊரில் இன்னும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பிஸ்கட் டப்பாவில் இருந்து அடுத்த பருவத்தில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டது. ஒரு முறை நான் போனபோது மாடு ஈன்று கன்றை நக்கிக்கொண்டிருந்தது. வீண் செலவுதானே என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும் சார்" என்றார்.

கன்றை இழந்த கிடேரி மூன்றாவது ஊசியில் சினை பிடித்திருக்கிறது. ஜெர்சி விந்து, பங்குனி கடைசி வாரம் நாள் குறித்திருக்கிறது. நடையில் பின்னங்கால் லேசாக அகலுகிறது. சினையோடு விற்றுவிடலாம் என்பது கணவர் எண்ணம். நடந்ததைச் சொல்லாமல் விற்க முடியாது, சொன்னால் விலை போகாது என்கிறார் மனைவி. ஒரு ஈத்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவர் கட்சி. இப்போதைக்கு மாடு கொட்டகையில்தான் இருக்கிறது.